அச்சைத் தீர்மானிப்பது யார்?
சிதறல் வரைபடத்தின் அச்சுகளை மென்பொருளின் விருப்பத்துக்கே விட்டுவிடுவது ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது, நெறியாளர்களும் கேட்பதில்லை. இது வெறும் சோம்பல் அன்று, பிழை.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் டெலானிபூர் உள்ளிட்ட போர்ட் பிளேயர் நிலப்பரப்பு ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. தென்கோடியில் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. வடக்கே திக்லிபூர்க் கரையோ உயர்ந்தது. அகலாங்கைக் கிடையச்சிலும் நில அசைவைச் செங்குத்தச்சிலும் இட்டால் இந்தச் சாய்வு ஒரே பார்வையில் புலப்பட வேண்டும். எக்செல் செய்வது வேறு. தீவுகள் 6 பாகைக்கு மேல்தான் தொடங்குகின்றன. அதுவோ கிடையச்சைச் சுழியத்தில் தொடங்கி, ஏறக்குறைய பாதிப் படத்தை வெறுங்கடலாக விடுகிறது. அங்கே கீழெல்லை 6, மேலெல்லை 14 என்று ஆய்வாளர்தான் குறிக்க வேண்டும்.

செங்குத்தச்சின் சுழியம் அப்படிப்பட்டதன்று. அது நடுக்கத்துக்கு முந்தைய நிலமட்டம். எதிர் மதிப்புகள் வந்தால் கிடையச்சின் எண்கள் படத்தின் நடுவே வந்து புள்ளிகளின்மேல் ஏறிக்கொள்ளும். எண்களை மட்டும் அடிக்கு இறக்கினால் போதும். அழகு கருதிக் கோட்டையே −5க்கு இறக்குவோர் உண்டு. கரை எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்று பிரித்துக் காட்டிய ஒரே கோடு அத்துடன் போய்விடுகிறது.