போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"கேமரா போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "எப்படிச் சோதிச்சுப் பார்த்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மில் பலர் கேட்பதில்லை.

எங்கள் தெரு மளிகைக் கடையில் நான்கு கேமராவும் ஒரே நாளில் இருட்டாகிவிட்டன. பார்க்க வந்தவர் நான்கையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிப் போய்விட்டார். பழையவை காயலான் கடை மூட்டையில் கிடந்தன, கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் எல்லா பல்பும் ஒரே நொடியில் அணைந்தால், எல்லாமே ஃபியூஸ் போய்விட்டது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லாது. நான்கு கேமராவுக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே பவர் சப்ளை பெட்டி. படத்தை வாங்குவதும் ஒரே டிவிஆர். முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த இரண்டையும்தான்.

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. கேமராவின் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் டிசி என்று இருக்கும். அதே வோல்ட்டேஜ் அடாப்டர்தான் போட வேண்டும், ப்ளஸ் மைனஸ் மாறக்கூடாது. படம் வரும் ஒயரின் நுனியில் திருகி மாட்டுகிற பிஎன்சி பின் இருக்கும். அதை டிவியின் மஞ்சள் ஓட்டைக்கு ஏற்றபடி மாற்றும் சின்ன கனெக்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். மாட்டிவிட்டு ரிமோட்டில் ஏவி என்பதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். புது டிவி சிலவற்றில் மஞ்சள் ஓட்டைக்குப் பதில் ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கும். அதற்குத் தனி ஒயர்.

படம் வரவில்லையா? அப்போதும் அவசரப்படாதீர்கள். ஹெச்டி அனலாக் கேமரா அனுப்பும் சிக்னல் டிவிக்குப் புரியாது. பல மாடல்களில் ஒயரிலேயே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், அதைப் பழைய முறைக்கு மாற்றினால் படம் வந்துவிடும். நெட்வொர்க் ஒயர் மாட்டும் ஐபி கேமராவை மட்டும் இப்படிச் சோதிக்க முடியாது. கடைசியாக, முகப்பை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். இருட்டு என்று நினைத்து, சுற்றியுள்ள எல்இடிகள் மங்கலான சிவப்பில் எரிந்தால் இரவுப் பார்வையும் சரி.

நான் போட்டுப் பார்த்த நான்கில் மூன்று பளிச்சென்று படம் காட்டின.

டிவியில் கேமராவைப் பார்ப்பது ஒன்றும் நம் காலத்து ஒட்டுவேலை அல்ல. 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் வி-2 ராக்கெட் கிளம்புவதைத் தூரத்திலிருந்து பார்க்க இப்படி ஒயரில் இழுத்த கேமராவும் திரையும்தான் வைத்தார்கள். அதை அமைத்த வால்டர் புரூக்தான் பிற்பாடு பால் என்ற கலர் டிவி முறையையும் உருவாக்கினார். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது நம் நாட்டுக்குக் கலர் டிவி வந்ததும் அந்த முறையில்தான். (அந்த வருஷம் அடுத்தவர் வீட்டு ஜன்னலில் தொங்கியபடி மேட்ச் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.)

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, வாசலில் ஒரு கேமரா, ஹாலில் ஒரு டிவி, நடுவில் ஒரு ஒயர் போதும் என்பது என் கருத்து. மணி அடித்தால் ஏவி பட்டனை அழுத்தி, நிற்பது யார் என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கலாம். பதிவு ஆகாது, போனில் பார்க்க முடியாது. கடைக்காரருக்கு இது போதாது என்பதும் சரிதான். ஆனால் இன்டர்நெட்டே இல்லாததால் வெளியிலிருந்து எவனும் உள்ளே நுழைய முடியாது. 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் ஏராளமாகப் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. உங்கள் வீட்டுக் கேமராவின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா?

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹாலுக்குள்ளேயே கேமரா மாட்டி, போனில் பார்க்கிறீர்கள். அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா, கேமரா வந்ததிலிருந்து ஹாலில் கால் நீட்டி உட்காருவதையே விட்டுவிட்டார். வாசலுக்கு மாட்டுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். உள்ளே எப்படி இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் போன் போட்டுப் பேசுங்கள். அதேபோல் வாசல் கேமராவும் நம் கேட்டைப் பார்க்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டியதில்லை.

படம் காட்டிய மூன்றில் ஒன்றை எங்கள் வாசலில் மாட்டிவிட்டேன். மீதி இரண்டு அடாப்டரோடு தயாராக இருக்கின்றன. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்து இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், ஒயர் செலவு மட்டும் அவர்களுடையது. நான்காவதைப் பிரித்துப் பார்க்க எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பேரப்பிள்ளைகள் யாராவது வருகிறீர்களா?