பெயரில் இருக்கிறதா வஞ்சகம்?

மனோன்மணீயம் படித்தோர் சீவக மன்னனைக் கண்டு நகைக்கின்றனர். 1891-இல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட அந்நாடகத்தில் அமைச்சன் பெயர் குடிலன். குடிலம் என்றால் வளைவு, வஞ்சகம். நாள்தோறும் அப்பெயரைச் சொல்லி அழைக்கும் அரசனுக்கு மாத்திரம் அது விளங்கவில்லை! அவன் சொற்கேட்டு மதுரையை விட்டு நீங்கித் திருநெல்வேலியில் கோட்டை எழுப்புகிறான். ஊர்ப்பெயரிலேயே வேலி உண்டு. ஆயினும் பயிரை மேய்ந்தது யார்? வேலியாய் நின்ற அமைச்சனே! முனிவர் இரகசியமாய் அமைத்த சுரங்கவழியைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கத் துணிந்தவனும் அவனே.

தோழர்களே! நகைக்குமுன் நம்மைப் பார்த்துக்கொள்வோம். சீவகனையாவது பெயர் எச்சரித்தது. நம் முன்னோர்க்கு அவ்வுதவியும் இல்லை. கிள்ளான் தோட்டங்களுக்கு ஆள் கட்ட வந்த கங்காணிகளில் எவன் குடிலன் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தான்? சாமி பெயர் தாங்கியே வந்து, ஆசைவார்த்தை கூறி அழைத்துப்போய், தலைக்காசு வாங்கினான். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. ஆள்பிடிப்பு ஒழிந்தது; பெயருக்கு மயங்கும் வழக்கம் ஒழியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் இன்று செங்கற்சூளை எங்கே? பெயர் மட்டும் நிற்கிறது. தலைவர், தொண்டர், தர்மகர்த்தா என்னும் பட்டங்களும் அப்படியே. தொண்டு எங்கே, தர்மம் எங்கே, கணக்கு எங்கே என்று கேட்கவேண்டாமா?

நாடகம் எழுதுவோரே! இனி வஞ்சகனுக்குக் குடிலன் என்று பெயரிட வேண்டா. தருமன் என்றே இடுங்கள். பெயரை விட்டுச் செயலால் ஆளை அறியச் சபையோர் பழகட்டும்.