அடுத்த பாட்டு யார் கையில்?

பாட்டுப் பெட்டிகள் வளர்ந்த கதையை எல்லோரும் மெகாபைட், கிகாபைட் கணக்கில்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொரு கணக்கு தெரிகிறது. அடுத்த பாட்டு எது என்று தீர்மானிப்பது யார்?

1998-ல் தென்கொரியாவிலிருந்து எம்பிமேனும், அமெரிக்காவில் டயமண்ட் கம்பெனியின் ரியோவும் வந்தன. ரியோவில் 32 மெகாபைட். அதாவது, சுமாராக அரை மணி நேர சங்கீதம். எட்டுப் பாட்டு போட்டால் ஹவுஸ்ஃபுல்! ரிக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்து, 60 நிமிஷ கேசட்டில் 12 பாட்டு பதிந்து வாங்கிய நமக்கு இது பெரிய சாதனையாகவே தெரிந்திருக்காது.

2000-த்தில் கிரியேட்டிவ் கம்பெனி 6 கிகாபைட்டில் ஒரு ஜூக்பாக்ஸ் போட்டது. இடம் தாராளம். ஆனால் பெட்டி சி.டி. பிளேயர் சைஸ். சட்டைப்பையில் போட்டால் பை கிழியும்.

அந்தச் சமயத்தில் தோஷிபாக்காரர்கள் 1.8 அங்குலத்தில் ஒரு குட்டி டிஸ்க்கைச் செய்துவிட்டு, எதற்கு உபயோகிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் போன ஆப்பிள் என்ஜினீயர் ஜான் ரூபின்ஸ்டீன் கண்ணில் அது பட்டது. 2001 அக்டோபரில் ஐபாட் ரெடி. 5 கிகாபைட், 1,000 பாட்டு, விலை 399 டாலர்.

சரி, 1,000 பாட்டில் வேண்டியதை எப்படித் தேடுவது? பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் கட்டைவிரல் வீங்கிவிடும். அதற்குத்தான் அந்தச் சக்கரம். முதல் மாடலில் நிஜமாகவே சுழன்றது. 2002-ல் சுழல்வது போய், தடவினால் போதும் என்றானது. 2004-ல் வந்த மினியில், பட்டன்களும் சக்கரத்துக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டன. எத்தனை மாறினாலும் ராஜா நம்ம விரல்தான்.

2005 ஜனவரியில் ஷஃபிள் வந்தது. திரையே கிடையாது. வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுகிற மாதிரி, வந்த பாட்டைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஐபாட்டின் இந்தக் குலுக்கலில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஒரே பாடகர் அடுத்தடுத்து வர்றார், இது குலுக்கலே இல்லை' என்று ஜனங்கள் புகார் செய்தார்கள். நிஜக் குலுக்கல் என்றால் அப்படித்தான் வரும்! காசைப் பத்து தடவை சுண்டிப் பாருங்கள், தொடர்ந்து மூணு தலை விழுவது சகஜம். ஆப்பிள் என்ன செய்தது? அதே வருஷம் ஐட்யூன்ஸில், பாடகர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்க வழி செய்தது. குலுக்கல் மாதிரி தெரிவதற்காகக் குலுக்கலைக் குறைத்தார்கள்!

2009 ஷஃபிளில் பட்டன்களையும் பெட்டியிலிருந்து எடுத்து இயர்போன் ஒயரில் வைத்தார்கள். ஒரு அமுக்கு அமுக்கினால் பாட்டு நிற்கும். இரண்டு என்றால் அடுத்தது. மூன்று என்றால் முந்தையது. பாட்டு கேட்பதா, தந்தி அடிப்பதா? 2010 மாடலில் பட்டன்கள் சமர்த்தாகப் பெட்டிக்கே திரும்பின. விரல் ஜெயித்தது.

ஆனால் அது கடைசி ஜெயம். 2007-லேயே ஐபாட் டச் வந்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு முழுசும் திரையாகியிருந்தது. சக்கரம் வைத்த கிளாசிக் 2014-ல் நின்றது. நானோவும் ஷஃபிளும் 2017-ல். டச்சையும் நிறுத்துவதாக 2022 மே மாதம் அறிவித்துவிட்டார்கள். பாட்டு முழுக்க போனுக்குக் குடிபோய்விட்டது.

போனில் கோடிக்கணக்கில் பாட்டு. நாமே தேடலாம், தடையில்லை. ஆனால் யார் தேடுகிறார்கள்? ஒன்று முடிவதற்குள், இவனுக்கு இதுதான் பிடிக்கும் என்று எங்கோ ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அடுத்ததை நீட்டுகிறது. பெரும்பாலும் பிடித்தும் தொலைக்கிறது! அதுதான் எனக்குக் கவலை. எனக்குப் பிடிக்காது என்று அது முடிவு கட்டி ஒதுக்கிய பாட்டில் எத்தனை எனக்குப் பிடித்திருக்குமோ?

போன வாரம் தங்கை பையன் என் மேஜை டிராயரைக் குடைந்து பழைய ஐபாட்டை எடுத்தான்.

"இதுல என்ன பாட்டு கேக்கறதுன்னு அதுவே சொல்லாதா மாமா?"

"சொல்லாதுடா. நீதான் சொல்லணும்."

"செம போர்!"

சார்ஜ் ஏற்றிக் கையில் கொடுத்தேன். சக்கரத்தைத் தடவினான். டிக் டிக் டிக்.

கால் மணி கழித்துப் போய், "என்னடா கேட்கறே?" என்றேன்.

"இருங்க மாமா, இன்னும் செலக்ட் பண்ணிட்டே இருக்கேன்."