கார் போனால் மட்டும் போதாது... பேரும் போகணும்!

‘சிங்கிள் ஓனர், 2017 மாடல் பெட்ரோல் செடான், ஓடினது 28,000 கிலோமீட்டர்தான்!’

இப்படி விளம்பரம் கொடுக்கத் தகுதியான ஒரு கார் நம்மில் பல பேர் வீட்டு வாசலில் கவர் போட்டபடி நிற்கிறது. ரிட்டயர் ஆன அப்பா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்த வண்டி. இப்போது அதுவும் இல்லை. ‘டீலரிடம் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், நாமே நேரடியாக விற்றுவிடலாம்’ என்று நினைப்பது நியாயம்தான். விற்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

28,000 என்றால் நம்புவார்களா?

வருகிறவருக்கு முதலில் வரும் சந்தேகமே, ‘மீட்டரைக் குறைத்திருப்பார்களோ?’ என்பதுதான். வாய் வார்த்தை இங்கே எடுபடாது. சர்வீஸ் பில்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கும். பில் தொலைந்துபோயிருந்தால், வழக்கமாக விட்ட சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

டயரும் சாட்சி சொல்லும். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால், 2017-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். வண்டியோடு வந்த டயரே இன்னும் இருந்தால், குறைவாக ஓடியதற்கு அதுவும் ஆதாரம். அதே சமயம், ‘ரப்பர் இறுகிப்போச்சு, நாலும் மாத்தணும்’ என்று விலையைக் குறைக்கவும் செய்வார்கள். அது நியாயமான பேரம்தான். நின்றே கிடந்த வண்டியில் பேட்டரியும் மக்கர் பண்ணும். ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள்.

ரொக்கமா... வேண்டாம்!

‘மொத்தமும் கேஷ், இப்பவே தர்றேன்’ என்பார்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு! வங்கி வழியாகவே வாங்குங்கள். அக்கவுன்ட்டில் பணம் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். எதிராளி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

உங்கள் பேரில் ஓடும் அடுத்தவர் கார்

‘29, 30 ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்’ என்று சொல்லி, வாங்குபவர் பெயரை நிரப்பாமலே வாங்கிப்போகிற புரோக்கர்கள் உண்டு. அந்த ஃபார்மோடு கார் கை மாறிக்கொண்டே போகும். ஆர்.சி-யில் மட்டும் அப்பா பெயர் அப்படியே இருக்கும்.

இதில் என்ன ஆபத்து? 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2007-ல் ஒருவர் தன் காரை விற்றார். அது அடுத்தடுத்து கை மாறியது. ஆர்.சி-யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் இல்லை. ‘விற்று இரண்டு வருஷமாச்சு’ என்று சொல்லியும் பயனில்லை. ஆர்.சி-யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம்.

அதனால், வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவருடைய அடையாள அட்டை நகலும், சாவி கொடுத்த தேதி, நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்ற 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. புரோக்கரை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். கார் லோன் முடிந்தும் ஆர்.சி-யில் வங்கியின் பெயர் இருந்தால், என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் வாங்கி அதை முதலில் நீக்குங்கள்.

மறக்கக் கூடாத இரண்டு

ஃபாஸ்டேக்கைக் கொடுத்த வங்கியிடம் சொல்லி அதை மூடிவிடுங்கள். இல்லையென்றால் அவர் போகும் சுங்கச்சாவடிக்கெல்லாம் உங்கள் பணம் போகும். அடுத்து, க்ளெய்ம் செய்யாமல் சேர்த்த ‘நோ க்ளெய்ம் போனஸ்’. இது காருக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். அதிகபட்சம் 50 சதவிகிதம் வரை இருக்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டுக் கடிதமாக வாங்கிவைத்தால், 3 வருடங்களுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும்.

எல்லாம் முடிந்த பிறகு, ‘எம்பரிவாகன்’ ஆப்பில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறாமல் இருந்தால் வாங்கியவருக்கு போன் போடுங்கள். மாறுகிற வரை விடாதீர்கள்!