சாரணியர் வரவேற்பு வரிசைக்கு மட்டுமா?

மதிப்புக்குரிய கோப்பாய் கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்கட்கு,

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில், சீருடையும் கழுத்துப்பட்டியுமாகப் பெண் சாரணியர் பாடசாலை வாசலில் இரண்டு வரிசையாக நிற்பார்கள். பிரதம விருந்தினர் பிந்தி வருவார். பல இடங்களில் சாரணியத்தின் வருட வேலை பெரும்பாலும் இவ்வளவுதான்.

சாரணியம் தொடங்கியது இதற்கல்ல. 1907இல் இங்கிலாந்தின் பிறவுன்சீ தீவில் நடந்த முதல் சாரணர் முகாமில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பையன்களை நான்கு அணிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு மூத்த பையன் கையில் விட்டார். 1909இல் லண்டனில் நடந்த சாரணர் பேரணிக்குப் பெண்பிள்ளைகள் அழைப்பில்லாமலே வந்து, தங்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவர்களுக்கென இயக்கம் பிறந்தது. 1917இல் அது கண்டிக்கு வந்தது. அந்த அணி முறை மட்டும் எங்கள் பாடசாலைகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

அது பெரிய வித்தையல்ல. ஆறேழு பிள்ளைகளைப் பதினான்கு வயதுக்காரி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரியை தள்ளி நிற்பதுதான். முகாமில் மத்தியானச் சோறு அவள் பொறுப்பென்றால், எத்தனை சுண்டு அரிசி, தேங்காய் யார் கொண்டுவருவது, விறகு ஈரமென்றால் என்ன செய்வது, வேலைக்கு நழுவும் சிநேகிதியிடம் அதை எப்படிச் சொல்வது, எல்லாம் அவள் தலையில். கடைசியில் சொன்னதுதான் கடினம். எந்த ரியூட்டரியும் அதைப் படிப்பிக்காது. சோறு குழைந்தால் குழைந்ததையே எல்லாரும் சாப்பிடட்டும். எங்கள் ஆசிரியைமாரோ அன்பு மிகுதியால் அகப்பையைத் தாங்களே வாங்கிவிடுகிறார்கள்.

அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பாடவேளை, திருத்தவேண்டிய கொப்பிகள், அதற்குமேல் சாரணியம். ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக நீண்டகாலம் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் இருபாலையிலும் நீர்வேலியிலும் இருக்கிறார்கள். கோப்பாயிலேயே தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. விரும்பி வருகிறவர்களைப் பெண் சாரணியர் சங்கத்தின் பயிற்சியோடு தொண்டர்களாகச் சேர்க்கலாம். தன்னைவிட ஐந்தாறு வயது இளையவளை வழிநடத்துவதில் மூத்தவளுக்கே கூடுதல் ஆதாயம் என்பேன். அவள் பின்னாளில் வகுப்பறைக்கோ அலுவலகத்துக்கோ போகும்போது, நாலு பேரை வைத்து வேலை வாங்கிய பழக்கம் கையில் இருக்கும்.

பாதுகாப்புக்காக, பொறுப்பாசிரியை இல்லாமல் கூட்டமில்லை, பெற்றோரின் சம்மதக் கடிதம் இல்லாமல் முகாமில்லை என்ற இரண்டு விதியையும் உங்கள் அலுவலகமே எழுதிவைக்கட்டும்.

உங்களிடம் கேட்பது பணமல்ல. விழா வரவேற்புக்குச் சாரணியரை அழைப்பதைக் குறைக்கும்படி அதிபர்களுக்கு ஒரு சுற்றறிக்கை, சாரணியத்துக்குக் கிழமையில் ஒரு பிற்பகல், தொண்டருக்கு வருட முடிவில் அலுவலக முத்திரையோடு ஒரு சேவைக் கடிதம். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு விண்ணப்பம் கோருங்கள். பிந்தினால் பிள்ளைகள் கணினி வகுப்பு, ஆங்கில வகுப்பு என்று போய்விடுவார்கள்.