அடுத்த ஊருக்கு அமெரிக்கா வழியா?

கவரைப்பேட்டையில் வடக்கே போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் கும்மிடிப்பூண்டி. அங்கே போக வேண்டியவரிடம், "சென்னைக்குப் போய்த் திரும்பி வாருங்கள்" என்று சொன்னால் சிரிப்பீர்கள் அல்லவா? நம் நாட்டு இணையம் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஓர் இந்திய நிறுவனத்திலிருந்து மற்றோர் இந்திய நிறுவனத்துக்குச் செல்லும் தகவல், அமெரிக்கா வரை போய்த் திரும்பியதுண்டு.

அதனால் என்ன கெடுதல்? ஒரு கணக்குப் போடுவோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது. போய்த் திரும்பும் பாதை 28,000 கி.மீ. என்று கொண்டால், 0.14 நொடி ஆகும். கடிதத்துக்கு இது பொருட்டல்ல. பேச்சுக்கோ, ஒருவழித் தாமதம் 0.15 நொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். பேச்சைத் துண்டுகளாக்கவும், மறுமுனையில் சேர்க்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் எல்லை தாண்டிவிடும். ஒருவர் பேச்சில் மற்றவர் பேச்சு மோதும்.

இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கவே 2003-ல் 'நிக்சி' என்னும் தேசிய இணையப் பரிமாற்றகம் நிறுவப்பட்டது. சென்னையிலும் அதன் மையம் உண்டு. 50 நிறுவனங்கள் இருவர் இருவராக இணைய 1,225 இணைப்புகள் தேவை. பொது இடத்தில் சந்தித்தால் 50 போதும்!

ஆனால், இணையத் தொலைபேசி நிறுவனங்கள் நேரடியாகக் கைகோக்கப் பாதை மட்டும் போதாது. நாம் அழுத்துவது தொலைபேசி எண். இணையம் அறிந்ததோ வேறுவகை முகவரி. இரண்டையும் பொருத்தும் பொதுப் பட்டியலுக்காக 2000-ஆம் ஆண்டிலேயே 'ஈநம்' என்ற முறை வகுக்கப்பட்டது. அது பரவலாக நிலைக்கவில்லை. தன் வாடிக்கையாளர் பட்டியலைப் போட்டியாளரிடம் காட்ட எந்த வணிகர் விரும்புவார்?

அடுத்த தடை பணம். அழைப்பைப் பெற்றுச் சேர்ப்பிக்கும் நிறுவனம் கூலி கேட்கும். இந்தியாவில் உள்நாட்டுக் கைபேசி அழைப்புக்கு 2017 அக்டோபர் முதல் நிமிடத்துக்கு 6 காசாக இருந்த இக்கூலி, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமாயிற்று. மூன்றாவது தடை நம்பிக்கை. முன்பின் அறியாத நிறுவனத்துக்குக் கதவைத் திறந்தால், போலி எண்ணில் மோசடிக்காரனும் நுழையலாம்.

ஆகவே, எஞ்சியிருப்பது இயற்பியல் தடை அன்று. மனிதர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு. தண்டவாளத்தின் அகலத்தை ஒவ்வோர் ஊரும் தன் விருப்பப்படி வைத்திருந்தால் ரயில் எங்கே ஓடும்? எண் பட்டியலும் போலியைத் தடுக்கும் சோதனையும் பொது அமைப்பின் பொறுப்பில் இருக்கட்டும். நிறுவனங்கள் சேவையின் தரத்தில் போட்டியிடட்டும். இதுவே என் கருத்து. உங்கள் கருத்து என்ன?