மாதம் 75 ரூபாய், மூன்று ரிப்போர்ட்

ஒரு காலத்தில் பேராசிரியரை அடையாளம் கண்டுகொள்ள சட்டைக் கையில் சாக்பீஸ் தூசி இருந்தால் போதும். இப்போது கக்கத்தில் தடிமனான ஸ்பைரல் பைண்டிங், சட்டைப் பையில் பென் டிரைவ், கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்த மூன்றும் சேர்ந்து தென்பட்டால் அவர் காலேஜில் வருஷாந்திர ரிப்போர்ட் சீசன் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடிப் பேராசிரியர் இந்தக் கோலத்தில் லிஃப்ட்டில் அகப்பட்டார்.

"என்ன சார், இளைச்சுட்டீங்களே? உடம்புக்கு ஏதாவது...?"

"கிரைட்டீரியன் த்ரீ சார்" என்றார், ஏதோ டாக்டர் சொன்ன வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

விசாரித்ததில் தெரிந்தது இது. பெங்களூரில் 1994-ல் ஆரம்பிக்கப்பட்ட 'நாக்' என்கிற தேசிய மதிப்பீட்டு அமைப்பு, கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஏழு தலைப்புகளில் அளந்து கிரேடு கொடுக்கிறது. அதில் மூன்றாவது தலைப்பு ஆராய்ச்சி, புதுமை, சமூகப் பணி. கிரேடு வாங்கினால் மட்டும் போதாது, 'போன வருஷம் என்ன கிழித்தோம்' என்று வருஷா வருஷம் ஒரு தர அறிக்கை அனுப்ப வேண்டும். நம் பேராசிரியர் அதில் மூன்றாம் தலைப்புக்குப் பொறுப்பாளர்.

"பாடம் எப்ப சார் எடுக்கறீங்க?"

"பாடம் எடுத்தோம்ங்கறதுக்கு ஆதாரம் தயார் பண்ணவே நேரம் சரியாப் போயிடுது சார். மரம் நட்டா போட்டோ வேணும். அந்தப் போட்டோல அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் விழணும்."

"அந்த மரம் அடுத்த வருஷம் இருக்கான்னு...?"

"அதுக்குக் கட்டம் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது மாடியில் இறங்கிக்கொண்டார்.

இதைக் கேட்டுவிட்டு, 'ரிப்போர்ட் என்பதே வெட்டி வேலை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் சென்னைப் பல்கலைக்கழகம் கேட்டு வாங்கிய மூன்று ரிப்போர்ட்டுகளை உலகம் பூராவும் கணித மேதைகள் நூறு வருஷத்துக்குப் பிறகும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எழுதியவர் ராமானுஜன்.

1913 தொடக்கத்தில் அவர் துறைமுக டிரஸ்ட்டில் குமாஸ்தா. சம்பளம் மாதம் 30 ரூபாய். டிகிரி கிடையாது. கும்பகோணம் காலேஜில் ஸ்காலர்ஷிப் பறிபோனது. பிறகு பச்சையப்பன் வழியாக எஃப்.ஏ. பரீட்சை எழுதி 1906-ல் ஃபெயில். 1907-ல் தனியாக எழுதி மறுபடி ஃபெயில். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் கணக்குகள் குவிந்துகொண்டிருந்தன. அந்தப் பிப்ரவரியில் வானிலை இலாகாவின் தலைவரும் கேம்பிரிட்ஜ் கணித மனிதருமான கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது அந்தக் கணக்குகளைப் பார்த்தார். பார்த்த சூட்டோடு பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டார்: இந்த ஆளைச் சில வருஷங்களுக்காவது பிழைப்புக் கவலை இல்லாமல் கணக்கு மட்டும் போட விடுங்கள் என்று. இன்னொரு பக்கம் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதமும் வந்திருந்தது.

விதிப்படி அந்த ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப் எம்.ஏ. படித்தவருக்குத்தான். நம்மவரோ எஃப்.ஏ.வே தாண்டாதவர். பல்கலைக்கழகம் என்ன செய்தது? விதியை வளைத்தது. 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. துறைமுகமும் சம்பளமில்லாத லீவு கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒரு தரம் 'என்ன செய்தேன்' என்று ரிப்போர்ட் தர வேண்டும்.

தந்தார். 1913 ஆகஸ்ட் 5-ல் ஒன்று, நவம்பர் 7-ல் ஒன்று, 1914 மார்ச் 9-ல் ஒன்று. மூன்றாவதைக் கொடுத்த எட்டாம் நாள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அந்த ரிப்போர்ட்டுகளில் 'கலந்துகொண்ட கருத்தரங்குகள்: 4' என்றெல்லாம் எதுவும் கிடையாது. குத்துவிளக்கு ஏற்றும் போட்டோ கிடையாது. நேராகக் கணக்கு. ஒரு குறிப்பிட்ட வகைத் தொகைக் கணக்குகளுக்கு (நம் பையன்கள் பிளஸ் டூவில் முட்டிக்கொள்ளும் 'இன்டெக்ரேஷன்'தான்) அவர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார். சார்பை ஒரு முடிவில்லாத தொடராக விரித்துவிட்டால், அந்தத் தொடரின் கெழுக்களைப் பார்த்தே விடையைச் சொல்லிவிடலாம். இன்று அதற்குப் பெயர் 'ராமானுஜனின் மாஸ்டர் தியரம்'. நிரூபணத்தில் இருந்த ஓட்டைகளை ஹார்டி பிற்பாடு அடைத்தார். அணுத் துகள்களின் மோதலைக் கணக்கிடும் பௌதிகக்காரர்கள் அதன் வாரிசான முறைகளை இன்றைக்கும் உபயோகிக்கிறார்கள்.

ஒரு சோகமும் உண்டு. அந்த ரிப்போர்ட்டுகளின் மூலப் பிரதிகள் தொலைந்துபோய்விட்டன. 1925-ல் ஹார்டிக்கு அனுப்புவதற்காகக் கைப்பட எடுத்த நகல் இருந்ததால் பிழைத்தோம். ஜெராக்ஸ், ஸ்கேனர், பி.டி.எஃப். எல்லாம் இருக்கும் இந்தக் காலத்தில் எந்த ரிப்போர்ட்டும் தொலைவதில்லை. அதை யாராவது தேடுவார்களா என்பதுதான் பிரச்னை.

இப்போது ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அதே ராமானுஜன் அந்தக் கால வருஷாந்திரக் கணக்கில் எப்படித் தெரிந்திருப்பார்? 1906-ல் 'ஃபெயில்' என்ற கட்டத்தில் ஒரு எண். அவரால் தேர்ச்சி சதவீதம் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும். அந்த அளவுகோலின்படி அவர் ஒரு நஷ்டம். 1913-ல் வாக்கர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்ததால் லாபமானார். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். முதல் தடவை எண்ணினார்கள், இரண்டாம் தடவை படித்தார்கள்.

விஷயமே அதுதான். ரிப்போர்ட்டை எழுதச் சொல்வதில் தப்பில்லை. எழுதியதை, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படிக்கிறாரா என்பதுதான் கேள்வி. படிக்க ஆள் இல்லாதபோது எண்ணத்தான் முடியும். எண்ண ஆரம்பித்தால் எல்லாரும் எண்ணிக்கையை உற்பத்தி பண்ணுவார்கள். மனுஷ சுபாவம்.

ஆராய்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி. ஆய்வேடு கொடுக்குமுன் பத்திரிகையில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. ஒரு விதி போட்டது. உத்தேசம் நல்லதுதான். என்ன ஆயிற்று? காசு வாங்கிக்கொண்டு எதை அனுப்பினாலும் பிரசுரிக்கும் பத்திரிகைகள் புற்றீசல்போல் கிளம்பின. கடைசியில் 2022 நவம்பரில் யு.ஜி.சி.யே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், தப்பு கண்டுபிடிக்கப்பட்டு வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரைகளுக்கு 2025-ல் மார்க்கைக் குறைக்க ஆரம்பித்தார்கள். பரீட்சையில் மாணவர்களுக்கு நெகட்டிவ் மார்க் கொடுத்தவர்களுக்கே இப்போது நெகட்டிவ் மார்க். அதே 2025 பிப்ரவரியில், நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக ஒரு 'நாக்' பரிசோதனைக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று நிச்சயம்: கிரேடுக்கு ஒரு சந்தை விலை இருக்கிறது என்று யாரோ நம்புகிறார்கள்.

சரி, சமூகப் பணி? 2016-லிருந்து வெளிவரும் அந்தத் தரவரிசையில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 மார்க், ஆராய்ச்சிக்கு 30, மாணவர்கள் தேறி வெளியேறுவதற்கு 20. 'அவுட்ரீச்' என்ற தலைப்புக்கு 10. அடடா, ஊருக்கு உழைத்தால் 10 மார்க்கா என்று சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே போய்ப் பார்த்தால் வெளிமாநில மாணவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை, ஏழை மாணவர்கள் எத்தனை, மாற்றுத் திறனாளிகளுக்குச் சாய்தளம் உண்டா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எல்லாம் அவசியமான கேள்விகளே. ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே இருக்கிற ஊருக்கு என்ன கிடைத்தது என்பது அவற்றில் இல்லை. மிச்சமுள்ள 10 மார்க், மற்றவர்கள் அந்தக் காலேஜைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு!

ஊருக்கு உழைப்பது என்றால் என்ன என்று அறிய உங்கள் சமையலறைக்குப் போனால் போதும். மளிகைக் கடையில் "பொன்னி புழுங்கல் ஒரு சிப்பம் போடுப்பா" என்கிறோமே, அந்த வெள்ளைப் பொன்னியை 1986-ல் வெளியிட்டது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மலேசியாவிலிருந்து வந்த மாஷூரி ரகத்தின் வாரிசு. 1868-ல் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1906-ல் கோயம்புத்தூருக்குக் குடிபோய், 1971-ல் பல்கலைக்கழகமான இடம் அது. அங்கே கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்தவை. ஆராய்ச்சி வயலில் விளைந்தது வகுப்பறைக்கு வரும், விவசாயியிடமும் போகும். அவர் 'இது தண்டு சாயுது சார்' என்று சொன்னால் மறுபடி ஆராய்ச்சிக்குத் திரும்பும்.

நாட்டின் முதல் கிருஷி விஞ்ஞான் கேந்திரம், அதாவது வேளாண் அறிவியல் நிலையம், 1974-ல் பாண்டிச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் ஆரம்பமானது. 'கையால் செய்து கற்றுக்கொள்' என்பதுதான் அங்கே பாடத்திட்டம். இன்று இந்தியா முழுக்க 700-க்கு மேல் இருக்கின்றன.

நெல் ரகத்தில் ஒரு சௌகரியம். அதை ஜோடிக்க முடியாது. விழா நடத்தி, பொன்னாடை போர்த்தி, மந்திரி கையால் விதை கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் சொல்லாமலே அடுத்த போகத்துக்கும் விவசாயி அதையே விதைத்தாரா என்பதுதான் பரீட்சை. விதைக்காவிட்டால் ஃபெயில். அங்கே மறுகூட்டல் கிடையாது.

எண்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. 18-லிருந்து 23 வயதுக்குள் இருப்பவர்களில் உயர்கல்விக்குப் போகிறவர்கள், 2021-22 கணக்கெடுப்பின்படி அகில இந்தியாவில் நூற்றுக்கு 28.4. தமிழ்நாட்டில் 47. இந்த எண்ணுக்குப் பின்னால் வீட்டிலேயே முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். இதை எண்ணாமல் இருந்தால்தான் பாவம். ஆனால் 47 பேர் உள்ளே போனார்கள் என்பது பாதிக் கதை. உள்ளே அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது மீதி. அதை அட்டவணையில் அடைக்க முடியாது. யாராவது போய்க் கேட்க வேண்டும்.

அந்த யாராவது நீங்களாகவே இருக்கலாம். இந்த ரிப்போர்ட்டுகள் ரகசியமில்லை. காலேஜ்களின் வெப்சைட்டில் ஒரு மூலையில் கிடக்கும். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது ஹாஸ்டல் மெஸ், ஏ.சி. பஸ், பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரிக்கிறோம். கூடவே மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: குறைந்த மார்க்கோடு வந்த பிள்ளைகள் மூன்று வருஷத்தில் என்ன ஆனார்கள்? 95 சதவீதம் வாங்கியவனைச் சேர்த்துக்கொண்டு 95 வாங்க வைப்பதில் வாத்தியாருக்குப் பெரிய வேலை இல்லை. தடுக்கி விழுந்தவனைத் தூக்கிவிட்டது எத்தனை பேரை?

இரண்டு: போன வருஷம் உங்கள் ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது ஏதாவது ஒன்றை எனக்குப் புரிகிற தமிழில் இரண்டு வரியில் சொல்ல முடியுமா? எத்தனை கட்டுரை என்பது வேண்டாம். ஒன்றே ஒன்று போதும்.

மூன்று: நீங்கள் 'தத்தெடுத்த' கிராமம் எது? அங்கே இரண்டாவது தடவை போனீர்களா? முடிந்தால் அந்த ஊர் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "இந்தக் காலேஜ்காரங்க வந்தாங்களா?" என்று கேட்டுவிடுங்கள். டீக்கடைக்காரருக்கு யாரிடமும் கிரேடு வாங்க வேண்டிய அவசியமில்லை.

இப்படியெல்லாம் குடைந்தால் அட்மிஷன் கொடுப்பார்களா என்று பயப்படாதீர்கள். இந்த மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற காலேஜ் ஒன்று அகப்பட்டால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். கட்டடத்துக்கு ஒரு கோட்டிங் பெயின்ட் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.